நூற்றெட்டுக் கண்ணியும் மார்கழிப் பாலும்

எங்கள் பிளாக் பிள்ளையாருக்கு மார்கழி முப்பது நாளும் அபிஷேகப் பால் கொண்டுவந்து தருகிறேன் என்று ஒரு வருஷம் வேண்டிக்கொண்டேன். எழுபதுகளின் கடைசி அது. ஆடி மாசத்தில் என் மகளுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து, ஆறு வயசுப் பிள்ளை பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். இருபதாம் நாள் காலையில் கண்ணைத் திறந்து, "அப்பா, தோசை" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். பிள்ளையாரப்பன் பெரிதாக ஒன்றும் கேட்கிறவர் இல்லை. நானாகத்தான் சொன்னேன்: கறந்த சூடு ஆறாத பால், ஒருநாள் தவறாமல், வேறு கை மாறாமல்.

நேர்ந்துகொள்ளும்போது வாய்க்கு லகுவாகத்தான் இருந்தது. பால் பூத்தில் வாங்குவது கறந்த சூட்டுப் பால் ஆகாது. விசாரித்ததில் முத்தாண்டிக்குப்பம் பக்கம் ஒரு வீட்டில் நல்ல பசு கறப்பதாகச் சொன்னார்கள். எனக்கோ நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை, மார்கழி முழுக்க முதல் ஷிப்டு போடச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தேன். ஆறு மணிக்கு ஷிப்டு. ஐந்தேகாலுக்கெல்லாம் கம்பெனி பஸ் வந்து நிற்கும். அதற்குள் முத்தாண்டிக்குப்பம் போய், பால் கறக்க நின்று, வாங்கித் திரும்பி, கோயிலில் கொடுத்துவிட வேண்டும். சைக்கிளில் ஆகிற காரியமா? என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்ததால்தான் அந்த வேண்டுதலையே தைரியமாகச் செய்தேன்.

வண்டி செகண்ட் ஹாண்ட். ஊரோடு போய்விட்ட ஒரு கிரேன் ஆபரேட்டரிடம் வாங்கியது. ஓட்டம் குறையில்லை. பதின்மூன்றாம் நாள் வரைக்கும் நானும் குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஹாண்டில்பாரில் பால் தூக்கை மாட்டிக்கொண்டு, போற்றி சொல்லிக்கொண்டே போய்வந்தேன். பதினான்காம் நாளிலிருந்து வண்டியும் கூடவே போற்றி சொல்ல ஆரம்பித்துவிட்டது. சடக்... சடக்... சடக். வேகம் கூடினால் சடக்கும் கூடும். குறைத்தால் அதுவும் குறையும். ஆனால் நிற்காது.

மைன்ஸில் சொன்னேன். எங்கள் செக்‌ஷனில் ஆளுக்கொரு ஜில்லா, ஆளுக்கொரு ஞானம். பேரிங் போயிடுச்சு என்றார் ஒருவர். ரோலர் உராயுது என்றார் இன்னொருவர். மோட்டார் சைக்கிளில் ரோலர் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, "அதை நீதான் பார்க்கணும்" என்றார். மூன்றாமவர் வண்டியைப் பார்க்காமலே, "இஞ்சின் காலி, வித்துடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். எனக்கென்னவோ செயின் மேல்தான் சந்தேகம். காலால் தள்ளிக்கொண்டு போனாலும் அந்தச் சடக் வந்தது. இஞ்சின் ஓடாதபோது இஞ்சின் எப்படிச் சத்தம் போடும்?

செயினுக்கு நான் குறை வைத்தவன் இல்லை. சாமி விளக்கில் மிஞ்சிய நல்லெண்ணெயைச் சனிக்கிழமை தவறாமல் செயினுக்கு ஊற்றி வந்தேன். வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "சனிக்கிழமை எண்ணெய் வச்சாச்சு. சீயக்காய் அரைச்சுத் தரட்டுமா?" என்று கேட்பாள்.

வெள்ளிக்கிழமை வந்தது முதல் அடி. நான் வண்டியை நிறுத்துவதற்குள் பால் கறக்கிற அம்மா தொழுவத்திலிருந்து வெளியே வந்துவிட்டார்.

"இன்னா அண்ணே இது? நீ ரோட்டுல வந்துகினு இருக்கறப்பவே எம் மாடு காத வெறைச்சிகினு நிக்கிது. மடியத் தொட்டா ஒதைக்குது. பால மேல ஏத்திக்கிச்சு."

"கொஞ்சம் பாருங்கம்மா. சாமிக்கு."

"சாமிக்குன்னா மாட்டாண்ட நீயே சொல்லு. எங்கிட்ட சொல்றியே."

கன்றை விட்டு ஊட்டவைத்து, தடவிக்கொடுத்து, என்னென்னவோ பேசி, கடைசியில் அரைத் தூக்குப் பால்தான் தேறியது. குருக்கள் தூக்குக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் அபிஷேகத்தைக் கொஞ்சம் நீட்டிப் பாலைக் கொஞ்சம் சுருக்கினார். என் மனசுதான் சுருங்கிப்போனது.

மைன்ஸில் இருக்கிறவனுக்கு எந்தச் சத்தத்துக்கும் ஒரே வைத்தியம்தான் தெரியும். பெல்ட் தொங்கினால் இழு, நட்டு ஆடினால் இறுக்கு. அன்று சாயந்திரம் ஸ்பேனரை எடுத்தேன். பின் சக்கரத்தை எவ்வளவு பின்னால் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து, அட்ஜஸ்டர் நட்டு அதற்கு மேல் போகாது என்று அழுகிற வரைக்கும் முறுக்கினேன். செயின் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை காலை கிளப்பினேன். சடக் போகவில்லை. அதோடு புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. ஙொய்ய்ய்... சடக். ஙொய்ய்ய்... சடக். சுருதியும் தாளமும் சேர்ந்துவிட்டன. வீட்டுக்காரி ஜன்னலிலிருந்து, "பாட்டு மட்டும்தான் பாக்கி" என்றாள். பால் அன்றைக்கும் அரைத் தூக்கு.

கோயில் வாசலில் கமிட்டிச் செயலாளர் காத்திருந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிர் வரிசை. மப்ளரைத் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தார். ரெண்டாம் ஷிப்டு முடிந்து வந்து படுத்தவருக்கு நாலு மணி என்பது எப்பேர்ப்பட்ட நேரம் என்று எனக்குத் தெரியாதா? தலை குனிந்து நின்றேன்.

"ஏனுங்க, திருப்பள்ளியெழுச்சி சாமிக்குத்தானுங்களே? எங்க வரிசை பூரா எதுக்குங்க எழுப்பி உடறீங்க?"

"செயின்ல கோளாறுங்க. பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"நீங்க பாருங்க. நாங்க கேட்டுட்டுத்தானுங்க இருக்கறோம்." கோபக்காரர் இல்லை அவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாலு பேரு எங்கிட்டச் சொல்லிட்டாங்க. பாலும் பத்த மாட்டீங்குதுன்னு குருக்கள் முகமே சொல்லுது. திங்கக்கிழமை காலைல சத்தம் வந்துதுன்னா, மீதி நாளைக்கு நம்ம பிளாக் ஸ்கூட்டர்காரருகிட்ட ஒப்படைச்சிரலாமுங்க. அவரும் ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருக்காரு. புண்ணியம் ஆருக்கு வந்தா என்னங்க?"

புண்ணியம் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும். நான் சொன்ன வாக்கு? வேறு கை மாறாமல் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொன்னது என் வாய்தானே. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டை ஏமாற்றப் பார்த்தேன். வண்டியை ஊருக்கு வெளியே புளிய மரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து போனேன். பாதித் தெருவிலேயே மாடு என்னைப் பார்த்துக் காதை விறைத்தது. என் முகமே அதற்குச் சடக் என்று கேட்டது போலிருக்கிறது. அன்றைக்கும் அரைத் தூக்குதான்.

அன்று எனக்கு வார ஓய்வு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பஜாருக்குப் போனேன். அங்கே வேப்பமரத்தடியில் பாய் ஒருவர் மெக்கானிக் கடை வைத்திருந்தார். என் வயசுதான் இருக்கும். எதையும் கேட்டுவிட்டுத்தான் தொடுவார்.

சடக்கையும் ஙொய்யையும் சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பிக் காட்டப் போனேன். "வேணாண்ணே, இஞ்சின் சத்தத்துல செயின் பேசறது கேக்காது" என்று கையைக் காட்டி நிறுத்தினார். சென்டர் ஸ்டாண்ட் போட்டார். செயின் கவரைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இது செயினா, குழம்பு வச்ச சட்டியா?"

நல்லெண்ணெயும் நிலக்கரித் தூளும் சேர்ந்து கறுப்புக் களியாக அப்பிக் கிடந்தது. விரலால் சுரண்டினார். கறுப்புக்கு அடியில் மஞ்சள். மஞ்சளுக்கு அடியில் சிவப்பு. அதற்கும் அடியில் திரும்ப மஞ்சள்.

"இது என்ன?"

"சந்தனம். அது குங்குமம்."

"செயினுக்கா?"

சொன்னேன். வண்டி வாங்கிய வருஷத்திலிருந்து ஆயுத பூஜைக்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, செயின் கவரைக் கழற்றி வைத்துவிடுவேன். வீட்டுக்காரி புத்தகத்தைப் பார்த்து நூற்றெட்டுப் போற்றியும் வாசிப்பாள். ஒரு போற்றிக்குச் செயினில் ஒரு கண்ணி. நான் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி, கண்ணிக்குக் கண்ணி சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவேன். போற்றி முடியவும் செயின் ஒரு சுற்று முடியவும் சரியாக இருக்கும் என்பது என் கணக்கு. வண்டியோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருந்தது, நூற்றெட்டுக் கண்ணி! கண்ணன் கையில் புல்லாங்குழல் மாதிரி என் வண்டியில் அது தானாக அமைந்தது என்று யாரிடம் சொன்னாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

பாய் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டவன். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, கீழ்ச் செயினை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"பாருங்கண்ணே. நீங்க தந்தி மாதிரி இழுத்துக் கட்டியும் இந்த இடத்துல ரெண்டு விரல் ஆடுது. சுத்துங்க... இதோ, இங்க அசையவே மாட்டேங்குது. ஒரே செயின்தான், ஒரு பக்கம் நீண்டுபோச்சு, ஒரு பக்கம் இல்ல. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி ஊஞ்சலாட்டம் கொஞ்சம் ஆடணும். நீங்க ஏறி உக்காந்தாலே அது இன்னும் இறுகும். அதுக்கு இடம் விடலேன்னா அழத்தான் செய்யும். உங்க ஙொய் அதுதான்."

"சடக்?"

"அதுக்குக் குளிப்பாட்டணும்."

செயினின் இரு முனையையும் இணைக்கிற லாக்கைக் கழற்றி உருவி, ஒரு தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். பழைய பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க என் பூஜையெல்லாம் சேறாகக் கரைந்து இறங்கியது. "எத்தனை ஆயுத பூஜைன்னு இதை வச்சே எண்ணிடலாம் போல" என்றார். துடைத்து, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு செயினைப் படுக்கைவாட்டில் நீட்டினார். அது வாழை நார் மாதிரி வளைந்து தொங்கியது.

"தேஞ்சுபோச்சு. புதுசு போடணும். ஞாயித்துக்கிழமை, இன்னைக்கு எங்கயும் கிடைக்காது. இப்போதைக்கு ரெண்டு கண்ணிய எடுத்துட்டு மாட்டித் தர்றேன். சக்கரத்த முன்னால தள்ள இடம் கிடைக்கும். மாசக் கடைசி வரைக்கும் சத்தமில்லாம ஓடும்."

"ரெண்டு கண்ணியையா?"

"ஒண்ணா எடுக்க முடியாதுண்ணே. உள் கண்ணி ஒண்ணு, வெளிக் கண்ணி ஒண்ணு, ஜோடியாத்தான் போகும்."

நூற்றெட்டு, நூற்றாறு ஆவதா? வேண்டுதலைக் காப்பாற்றப் போய் போற்றியில் இரண்டை வெட்டுவதா? ஒரு பக்கம் பிள்ளைக்காகச் சொன்ன வாக்கு. இன்னொரு பக்கம் சாமியே அமைத்துக்கொடுத்த கணக்கு. இன்றைக்கு இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வேப்பமரத்தடியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாய் என் முகத்தைப் பார்த்தார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. "நான் தொழுதுட்டு வந்துடறேன். நீங்க உக்காந்து யோசிங்கண்ணே. உங்க சாமி, உங்க செயின். நீங்க சொல்றபடி" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

செயினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுத்தமாகி வெள்ளிக் கொடி மாதிரி இருந்தது. வெட்டுவதானாலும் கடைசியாக ஒரு தரம் முழுசாகச் சொல்லிவிட்டு வெட்டலாம் என்று தோன்றியது. லாக் இருந்த முனையிலிருந்து, கண்ணிக்கு ஒரு போற்றியாக ஆரம்பித்தேன். புத்தகம் இல்லை, ஆனால் வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு மனப்பாடம்.

செயின் தீர்ந்துவிட்டது. போற்றி தீரவில்லை. வாயில் இன்னும் இரண்டு மிச்சம்.

எங்கேயோ விட்டுவிட்டேன் என்று மறுமுனையிலிருந்து ஆரம்பித்தேன். அப்போதும் இரண்டு மிச்சம். போற்றியை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, ஒன்று இரண்டு மூன்று என்று பாயின் சாக்பீஸால் பத்துக்கு ஒரு கோடு போட்டு எண்ணினேன். நூற்றாறு.

அப்போதுதான் வீட்டுக்காரியின் முகம் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜையிலும் இதே கூத்துதான். கடைசிக்கு வரும்போது ஏற்கெனவே பொட்டு வைத்த கண்ணி என் முன்னால் வந்து நிற்கும். அவளுக்கு இன்னும் இரண்டு போற்றி பாக்கி இருக்கும். "எங்கயோ ரெண்ட ரெண்டு தரம் வாசிச்சிருக்க. கவனம் எங்க இருக்கு?" என்று கடிந்துகொண்டு, வைத்த பொட்டின் மேலேயே இரண்டு பொட்டு வைத்து முடிப்பேன். "நான் ஒழுங்காத்தான் வாசிச்சேன்" என்பாள். "ஆமா, செயின் தப்பா எண்ணும்" என்பேன்.

பாய் தொப்பியோடு திரும்பி வந்தார். நான் கோடுகளைக் காட்டினேன். செயினைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து உருட்டினவர், ஒரு இடத்தில் நிறுத்தினார். அங்கே ஒரு ஆணி மட்டும் மற்றவற்றைப் போல இல்லாமல் தலை தட்டையாக நசுங்கியிருந்தது.

"இதோ. முன்னாடி யாரோ எடுத்து ஜாயிண்ட் அடிச்சிருக்காங்க. உங்ககிட்ட வரும்போதே ரெண்டு இல்ல." பிறகு லாக் முனையைப் பிடித்து அசைத்தார். எல்லாக் கண்ணியும் பாம்பு மாதிரி வளைந்தபோது அந்த முனையில் இரண்டு மட்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. "சடக் யாருன்னு தெரிஞ்சிடுச்சு. இது ரெண்டும் மடங்கவே மாட்டேங்குது. பல்லு மேல ஏறும்போதெல்லாம் எகிறிக் குதிக்குது. மண்ணெண்ணெய்ல ஊறியும் உள்ள எதோ கல்லாட்டம் இறுகியிருக்கே. இது ரெண்டுக்கு மட்டும் என்ன?"

லாக்கிலிருந்துதான் நான் எப்போதும் ஆரம்பிப்பேன். முதல் இரண்டு கண்ணி. வருஷா வருஷம் இரட்டைப் பொட்டு.

சொன்னேன். அதுவரைக்கும் அடக்கிவைத்திருந்த சிரிப்பு பாய்க்கு அப்போது வந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அருள் அதிகமாப்போச்சுண்ணே!" என்றார். எனக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்ததில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"வெட்டுங்க பாய்" என்றேன்.

அந்த இரண்டையே எடுத்தார். மிச்சத்தைக் கிரீஸில் போட்டுக் காய்ச்சி, சொட்டவிட்டுத் துடைத்து, மாட்டி, சக்கரத்தை முன்னால் தள்ளி, ஒரே சீராக ஆடுகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பல் சக்கரமும் கொக்கி மாதிரி தேய்ந்திருக்கிறது, புதுச் செயின் போடும்போது அதையும் மாற்ற வேண்டும் என்றார். எடுத்த இரண்டு கண்ணியைக் காகிதத்தில் மடித்து என் சட்டைப் பையில் போட்டார். "தூரப் போட உங்களுக்கு மனசு வராது" என்றார்.

வீட்டுக்கு வந்து, அடுப்படி வாசலில் நின்றபடியே, "செயின்ல நூற்றாறுதான் இருந்துச்சு" என்றேன்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அப்ப நான் ஒழுங்காத்தான் வாசிச்சேன்."

"ஆமா."

"எல்லா வருஷமும்."

"எல்லா வருஷமும்தான்."

"இன்னொரு தரம் சொல்லுங்க. பாப்பா, இங்க வாடி. அப்பா என்னமோ சொல்றாரு, கேட்டுக்க."

பிள்ளை முன்னாலும் ஒரு தரம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் காபி கிடைத்தது.

திங்கட்கிழமை காலை காதைத் தீட்டிக்கொண்டு கிக்கரை உதைத்தேன். இஞ்சின் மட்டும்தான் பேசியது. முத்தாண்டிக்குப்பத்தில் அந்த அம்மா தலையைச் சாய்த்து ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னா அண்ணே, வேற வண்டியா?" என்றார். மாடு என்னைப் பார்த்தது. நான் மாட்டைப் பார்த்தேன். யோசித்துவிட்டு அது காதைத் தொங்கவிட்டது. தூக்கு விளிம்பு வரை நுரை.

பிளாக்குக்குள் நுழைந்தபோது பனி இறங்கியிருந்தது. கோயில் வாசலில் செயலாளர் மப்ளரை ஒரு காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, நான் வழக்கமாக வரும் தெருப் பக்கம் பார்த்து நின்றார். அன்றைக்கென்று நான் இஞ்சினை முனையிலேயே அணைத்துவிட்டு, தூங்குகிறவர்களுக்கு மரியாதையாக, பின் தெருச் சரிவில் அப்படியே உருண்டு வந்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "பால் வந்துடுச்சுங்க" என்றேன்.

"ஐயோ முருகா!" என்று துள்ளினார். மப்ளர் கீழே விழுந்தது. "ஏனுங்க, மனுசன் வந்தா ஒரு சத்தம் குடுக்கறதில்லீங்களா?"

குருக்கள் உள்ளேயிருந்து சிரித்தார். தூக்கை என் கையிலிருந்து வாங்கி, வெளிப்புறத்தைத் தொட்டுச் சூடு பார்த்துவிட்டு, கர்ப்பகிரகத்துக்குள் போனார். செயலாளர் மப்ளரை உதறிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மீதி நாளுக்கும் நீங்களே கொண்டாங்க" என்றார் காதோடு. "நான் ஸ்கூட்டர்காரருகிட்டச் சொல்லிக்கறனுங்க. ஆனா அந்த முனை திரும்பறப்போ, மெதுவா, ஒரேயொரு தடவை ஹாரன்..."

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மணி அடித்து, பால் பிள்ளையாரின் தலையில் விழ ஆரம்பித்துவிட்டது. அபிஷேகம் நடக்கும்போது பேசக் கூடாது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவரும் போட்டுக்கொண்டார்.